மாடுலேஷன்: பண்பேற்றமா, அலையேற்றமா?

லத்தீனில் ‘மோடஸ்’ என்றால் அளவு, ‘மோடுலஸ்’ என்றால் சின்ன அளவு. அதிலிருந்து பிறந்த வினைச்சொல்லுக்குத் தாளக் கணக்கோடு பாடுவது என்றும் பொருள் உண்டு. மாடுலேஷன் வந்த வழி அது.

நம் பாடநூல்கள் இதைப் பண்பேற்றம் என்றன. (பண்ணிசையை இதில் தேட வேண்டாம், பண்பு + ஏற்றம், அவ்வளவுதான்.) ஊர்தி அலையின் மேல் செய்தியை ஏற்றும் வானொலிக்கு அது சரி. அணுக்கள் சீராக அடுக்கிய படிகங்களிலும் மாடுலேஷன் என்ற சொல் உண்டு, அங்கே பண்பேற்றம் ஒட்டவில்லை.

எங்கள் நகரிப் பக்கத்துத் தறியில் ஒரு சேலையைப் பாருங்கள். கட்டம் ஒரு இழைக் கணக்கில் வருகிறது, அதன் மேல் புட்டா வேறு கணக்கில். இரண்டும் ஒத்துவந்தால் சில சாணில் அதே கோலம் திரும்பும். ஒத்துவராவிட்டால் முந்தானை வரை நெய்தாலும் திரும்பாது. சில படிகங்களும் இப்படித்தான். அணுக்கள் சீரான இடத்திலிருந்து அலைபோல் விலகி நிற்கும். அல்லது ஓரிடத்தில் எந்த அணு உட்காரும் என்ற வாய்ப்பே அலையாக ஏறி இறங்கும். இதை ‘நெளிவு’ என்று சொல்லிவிட்டால் இந்த இரண்டாவது வகை விட்டுப்போகும். ஆகவே அலையேற்றம் என்கிறேன்.

இதற்குப் பேர்போன உதாரணம் சாயப் பட்டறையில் மூட்டையாய்க் கிடக்கும் சோடா ஆஷ், அதாவது நீரற்ற சோடியம் கார்பனேட். அறை வெப்பத்திலேயே அதில் அடிக்கட்டத்தோடு, அதாவது அணுக்களின் சீரான அடிப்படை அடுக்கோடு, ஒத்துவராத அலை ஓடுகிறது. நெதர்லாந்தின் படிகவியலாளர் டி வோல்ஃப் 1974இல் இத்தகைய அமைப்புகளை நான்கு பரிமாணத்தில் வைத்து விளக்கினார்.

இத்தகைய படிகத்தின் எக்ஸ்கதிர்ப் படத்தில் முதன்மைப் புள்ளிகளின் பக்கத்தில் மங்கலான துணைப்புள்ளிகள் தெரிவது இதனால்தான். மூன்று எண்களால் அவற்றுக்குப் பெயர் வைக்க முடியாது, நான்காவது எண் வேண்டும். அந்தப் படத்திலிருந்து படிக அமைப்பைக் கணக்கிடும் மென்பொருளின் தேர்வும் அங்கேதான் முடிவாகிறது. மூன்று எண் மட்டும் தெரிந்த மென்பொருளிடம் கொடுத்தால் துணைப்புள்ளியைக் கலப்படம் என்று நினைக்க வைத்துவிடும். நானும் அப்படி ஒருமுறை மாதிரியைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்திருக்கிறேன். அலை நீளம் அடிக்கட்டத்தைப் போலச் சரியாக மூன்று மடங்கு என்றால் கட்டத்தைப் பெரிதாக்கிச் சாதாரண மென்பொருளிலேயே சமாளிக்கலாம். இல்லையென்றால் பிராக் நகரில் உருவான ஜானா (Jana) மென்பொருள்தான் என் முதல் தேர்வு. ஒரே அலை என்றால் ஜிசாஸ்-2 (GSAS-II) மென்பொருளும் போதும்.