உரம் விழுந்தது என்றார்கள்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஏழு மாதப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று வாரமாகத் தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது, காலையில் பால் குடித்ததும் வாந்தி. கழுத்து பிசகி உரம் விழுந்திருக்கிறது என்று பாட்டி இரண்டு தடவை சேலையில் போட்டு உருட்டி உரமெடுத்தும் பார்த்துவிட்டார். கருவிழிகள் பாதி கீழ் இமைக்குள் இறங்கி, மேலே வெள்ளை தெரிந்தது. அழாமல் மடியில் உட்கார்ந்திருக்கும்போதே உச்சிக்குழி புடைத்து இறுகியிருந்தது. தடுப்பூசி அட்டையைக் கேட்டேன்; எடை எல்லா வரியிலும் இருக்கிறது, தலையின் சுற்றளவுக்கான கட்டம் மட்டும் முழுக்கக் காலி.

முதல் மூன்று மாதம் தலை மாதத்துக்குச் சுமார் 2 செ.மீ. வளரும், அடுத்த மூன்று மாதம் 1, அப்புறம் அரை. மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டாததால் உள்ளே கட்டி வளர்ந்தாலும் தலை விரிந்து இடம் கொடுத்துவிடும், தலைவலிக்கிறது என்று சொல்லவும் அந்த வயதில் வாய் கிடையாது. அதனால்தான் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. மூளை நரம்புக்கு நிம்ஹான்ஸும் புற்றுநோய்க்குக் கித்வாயும் என்று பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கிற ஊர் இது, ஆனாலும் ஒரு நாடாவை எடுத்துச் சுற்ற ஆள் இல்லை.

மயக்கம் கொடுத்து எம்ஆர்ஐ எடுத்தோம். சிறுமூளையில் கட்டி, மூளைக்குள் சுரக்கும் நீர் வடியும் வழி அடைபட்டிருந்தது. ஏழு கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே அரை லிட்டரைக் கொஞ்சம் தாண்டும். 100 மில்லி போனாலே பெரிய இழப்பு, அதனால் ரத்தத்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் கத்தியைத் தொடுவோம். திசுப் பரிசோதனையில், கட்டி வளராமல் தடுக்கும் ஐஎன்ஐ1 என்ற புரதம் இல்லை. ஏடிஆர்டி என்ற அரிய, மிக வேகமான புற்றுநோய். வளரும் மூளையைக் கதிர்வீச்சு கெடுக்கும் என்பதால் மூன்று வயதுக்குள் முடிந்தவரை அதைத் தள்ளிப்போட்டு கீமோவை நம்புகிறோம். சிலருக்கு அந்தப் புரதத்துக்கான மரபணுவில் கோளாறு பிறவியிலேயே இருக்கும், ஆகவே குழந்தையின் ரத்தத்தையும் சோதிக்கிறோம். எல்லாக் கட்டியும் இப்படி இல்லை. மூளை நீர் சுரக்கும் திசுவில் வரும் கோராய்டு பிளெக்ஸஸ் பாப்பிலோமா என்ற கட்டியை முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் வேறு சிகிச்சையே தேவைப்படாது.

"நான் உரமெடுத்ததாலயா டாக்டரம்மா?" என்று பாட்டி கேட்டார். இல்லை பாட்டி, கட்டி அதற்கு முன்பே இருந்தது என்றேன்.

அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது புருவத்துக்கு மேலே, பின்மண்டையின் புடைப்பு வழியாக நாடாவைச் சுற்றி அளந்து, அட்டையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.