கடற்பஞ்சு நகரம்: அது பாசி இல்லை, பஞ்சு

சீனாவின் நகர்ப்புற மழைநீர்த் திட்டத்தைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் ‘கடற்பாசி நகரம்’ என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படுகிறது. இது அப்பட்டமான பிழை.

சீன மொழியில் அதன் பெயர் ‘ஹைமியன் செங்ஷி’. செங்ஷி என்றால் நகரம், ஹைமியன் என்றால் தண்ணீரை உறிஞ்சும் ஸ்பாஞ்ச். ஆங்கிலத்தில் ‘ஸ்பாஞ்ச் சிட்டி’ என்கிறார்கள். 2012 ஜூலையில் பெய்ஜிங்கை மூழ்கடித்த வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கொள்கை வேகம் பிடித்தது. 2015-இல் 16 நகரங்களில் சோதனை முயற்சி தொடங்கியது. பெய்யும் மழையில் 70 விழுக்காட்டை விழுந்த இடத்திலேயே பிடித்து வைக்க வேண்டும், 2030-க்குள் நகரப் பரப்பில் 80 விழுக்காடு இந்த நிலையை எட்ட வேண்டும் என்பது இலக்கு.

சரி, பாசி எங்கிருந்து வந்தது? கடற்பாசி என்பது கடலில் தாவரம் போல வளரும் பாசி வகை. ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி, பாறையிலிருந்து பறித்து வருகிறார்களே, அதுதான். ஸ்பாஞ்ச் கடலில் வாழும் ஒரு விலங்கு. கடற்பஞ்சு என்று அதற்கு நல்ல பெயர் இருக்கிறது. கடலில் கிடைப்பதெல்லாம் ஒன்றுதான் என்று மொழிபெயர்ப்பவர் நினைத்தால் எப்படி? கெடுதல் அதோடு நிற்கவில்லை. பாசி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தண்ணீர் தேங்கி வழுக்கும் தரை. தண்ணீர் தேங்கக் கூடாது என்று போட்ட திட்டத்துக்கு இப்படியொரு பெயர்! படிப்பவர் தலைகீழாகத்தான் புரிந்துகொள்வார்.

‘உறிஞ்சு நகரம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதுவும் பாதிதான். நிலத்தில் இறக்குதல், ஓட்டத்தைத் தாமதப்படுத்துதல், சேமித்தல், தூய்மையாக்குதல், பயன்படுத்துதல், மிஞ்சியதை வடித்தல் என்று இந்தக் கொள்கைக்கு ஆறு வேலைகள். உறிஞ்சுவது அதில் ஒன்று மட்டுமே. பிழிந்தால் தண்ணீரைத் திருப்பித் தருவது பஞ்சின் குணம். அந்தக் குணம் பெயரில் இருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், சீனச் சொல்லைப் பிரித்தாலே விடை கிடைத்துவிடும். ‘ஹை’ கடல், ‘மியன்’ பஞ்சு போன்ற மெல்லிய பட்டிழை. நம் கடற்பஞ்சும் ஏறக்குறைய அப்படியே அமைந்த சொல். ஆங்கிலத்தை மட்டும் பார்த்து, அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போடும் பழக்கத்தால்தான் கையிலிருக்கும் சொல்லைத் தொலைக்கிறோம்.

வெறும் ‘பஞ்சு நகரம்’ என்றால் நூற்பாலை ஊர் நினைவுக்கு வரலாம். அதனால் கட்டுரையில் முதன்முதலாக வரும் இடத்தில் ‘கடற்பஞ்சு நகரம்’ என்று முழுதாக எழுதலாம். அப்புறம் ‘பஞ்சு நகரம்’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.