ஹை டைட் லைன்: அலைக் கோடா, ஓதக் கோடா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை பார்க்கப் போனால் தரகர் வாயில் முதலில் வரும் சொல் சி.ஆர்.இசட். "சார், இது சி.ஆர்.இசட்ல வராது. அலை இங்க வரைக்கும் வந்ததே கிடையாது" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். முதல் வாக்கியம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டாவது வாக்கியம் அதற்குக் காரணம் ஆகாது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்று தமிழில் எழுதப்படும் அந்த சி.ஆர்.இசட், அலை வந்து நிற்கும் இடத்திலிருந்து அளக்கப்படுவதில்லை. அதை அளப்பது 'ஹை டைட் லைன்' என்ற கோட்டிலிருந்து. நம் நாளிதழ்கள் பல அதை 'உயர் அலைக் கோடு' என்று எழுதுகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

சி.ஆர்.இசட் பற்றிய மத்திய அரசின் அறிவிக்கையில் உள்ள இலக்கணம் சுருக்கமானது: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்தின்போது கடல்நீர் நிலத்தில் எட்டும் மிக உயர்ந்த நீர்விளிம்பு எதுவோ, அதுவே ஹை டைட் லைன். கடலோரத்தில் அங்கிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை ஒழுங்குமுறை மண்டலம். வீடு, விடுதி, துறைமுகம், குழாய்ப்பாதை எதுவானாலும் என்ன அனுமதி வேண்டும், யாரிடம் வாங்க வேண்டும் என்ற பேச்சு இந்தக் கோட்டைப் போட்ட பிறகுதான் தொடங்கும்.

அலை வேறு, இது வேறு. காற்று தள்ளி எழுப்புவது அலை. சில விநாடிக்கு ஒன்று என்று கரைக்கு வந்துகொண்டே இருக்கும். நிலவும் சூரியனும் இழுப்பதால் கடல் மட்டமே எழுந்து தாழ்வது டைட், தமிழில் ஓதம். சென்னையில் அது ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 12 மணி 25 நிமிட இடைவெளி. அமாவாசை, பௌர்ணமிக் காலத்தில்கூட இங்கே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். மெரினாவில் நிற்பவர் கண்ணுக்கு அலை தெரிகிற அளவு இது தெரியாது. அதனால்தான் கரையில் நிற்கிற எவரும் 'கடல் எதுவரை வரும்' என்று கேட்டால் அலையைக் காட்டுகிறார்கள்.

ஆங்கிலத்தில் 'டைட்' என்ற சொல்லுக்குக் கடலோடு முதலில் தொடர்பே கிடையாது. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் காலம், வேளை. ஜெர்மன் மொழியில் காலத்தைக் குறிக்கும் 'ட்ஸைட்' அதன் உறவுச் சொல். வேளை தவறாமல் கடல் ஏறி இறங்குவதால் பெயர் பின்னாளில் கடலுக்குப் போனது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்தைக் குறிக்கும் 'ஸ்பிரிங் டைட்' என்பதில் உள்ள ஸ்பிரிங்கும் வசந்த காலம் அல்ல, துள்ளி எழுவது. அகராதியைப் பார்த்து 'வசந்த ஓதம்' என்று எழுதிவிட்டால் ஆண்டுக்கொரு முறை வரும் சமாச்சாரம் ஆகிவிடும். உண்மையில் மாதம் இருமுறை வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், 'அலைக் கோடு' என்ற பெயர் பொருந்திய சட்டமும் ஒன்று இருந்தது. 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் தொகுப்பித்த ரோமானியச் சட்டம், குளிர்காலத்தின் மிகப் பெரிய அலை ஓடி எட்டும் இடம் வரை கடற்கரை என்று வரையறுத்தது. மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு. அங்கே அலையை வைத்து அளந்ததில் நியாயம் உண்டு. இங்கிலாந்தின் கடல் நாளுக்கு இரண்டு முறை பல மீட்டர் ஏறி இறங்குவது. அங்கே அந்த அளவு எடுபடவில்லை. 1854இல் வந்த ஒரு தீர்ப்பு, அரசுக்கு உரிய கடற்கரையின் எல்லையைச் சராசரி ஏற்ற நீர்மட்டத்தை வைத்துத் தீர்மானித்தது. இன்று இங்கிலாந்தில் கடல்சார் உரிமம் வாங்க வேண்டிய பகுதியும் நீர்மட்டத்தை வைத்தே பிரிகிறது: அமாவாசை, பௌர்ணமி ஏற்றங்களின் சராசரி மட்டத்துக்குக் கீழே கட்டுமானம் செய்தால் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் தேவை. அவர்கள் எடுப்பது சராசரி; நம் அறிவிக்கை எடுப்பது மிக உயர்ந்த விளிம்பு. நம்முடையது கரைக்குச் சற்றுக் கூடுதல் இடம் விடுகிறது என்றே சொல்ல வேண்டும், காகிதத்திலாவது.

இந்தியாவில் இந்தக் கோடு பேச்சுக்கு வந்தது 1981இல். கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்தில் இந்திரா காந்தி, ஏற்றத்தின் உச்ச நீர்விளிம்பிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரையை விட்டுவைக்கச் சொன்னார். 1986இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1991 பிப்ரவரி 19 அன்று முதல் அறிவிக்கை வந்தது. பிறகு 2011இல் ஒன்று, 2019இல் ஒன்று. ஆறு, கழிகளின் கரையில் விட வேண்டிய இடம் முதலில் 100 மீட்டர், அல்லது நீர்வழியின் அகலம், இரண்டில் குறைந்தது எதுவோ அது. 1994இல் அதை 50 மீட்டராகக் குறைத்தார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குறைப்பைச் செல்லாதென்றது. 2019 அறிவிக்கையில் அதே 50 மீட்டர் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது.

'அலைக் கோடு' என்ற பெயர் முழுதாகக் கவிழ்ந்துவிடுவது இந்த ஆறு, கழிகளில்தான். எண்ணூர்க் கழியில் போய் நின்றால் அலையே இல்லை. ஆனால் முகத்துவாரம் வழியாகக் கடல் ஏறும்போது கழியும் ஏறுகிறது. அலையாத்தி நிற்கும் சேறு மூழ்கி மீண்டும் வெளிவருகிறது. சமதளம் என்பதால், ஒரு மீட்டர் மட்டம் உயர்ந்தாலே நீர் பக்கவாட்டில் வெகுதூரம் பரவுகிறது. சரிவான மணற்கரையில் சில தப்படியில் முடிந்துவிடும் அதே ஏற்றம், கழியில் பெரிய நிலப்பரப்பை நனைக்கிறது. அங்கே நின்று 'அலை எதுவரை வரும்?' என்று கேட்டால் பதில் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை விரும்புகிறவர்கள் இருக்கவே செய்கிறார்கள்.

அடையாற்றிலும் இதே கதைதான். கடலே கண்ணில் படாத ஆற்றோரத்து மனைக்கும் சி.ஆர்.இசட் பொருந்தலாம் என்பது பலருக்குத் திகைப்பூட்டும் செய்தி. கடலின் ஏற்றம் ஆற்றுக்குள் எதுவரை செல்கிறது என்பதை உப்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள்: ஆண்டின் மிக வறண்ட காலத்தில் ஆயிரம் பங்கு நீரில் ஐந்து பங்கு உப்பு இருக்கும் இடம் வரை ஆறும் கடலின் கணக்கில் சேரும். அடையாறு, கூவம் இரண்டின் முகத்துவாரத்தையும் மணல்திட்டு அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. வாய் அடைபட்டிருக்கும்போது உப்பை அளப்பதும் திறந்திருக்கும்போது அளப்பதும் ஒன்றாகுமா? சட்டத்தின் எழுத்தைவிட அளந்த நாள் முக்கியமாகிவிடும் இடம் இது.

சரி, தமிழில் என்ன சொல்வது? சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. கடலோரத்தார் 'ஏத்தம்', 'வத்தம்' என்பார்கள், எழுத்தில் ஏற்றவற்றம். இலங்கைத் தமிழர் பாடநூல்களில் வற்றுப்பெருக்கு. தமிழ்நாட்டுப் பள்ளிப் புவியியல் ஓதம் என்கிறது. ஓதம் சங்கப் பாடல்களிலேயே உள்ள சொல். பொருள் தேடப் போவதா, இருப்பதா என்று ஒரு நிலையில் நில்லாத நெஞ்சுக்குப் பெருங்கடல் ஓதத்தை உவமை சொல்கிறது ஓர் அகநானூற்றுப் பாட்டு. முன்னும் பின்னும் போய்வரும் நீர் என்ற உணர்வு அதில் அப்படியே இருக்கிறது. பழஞ்செய்யுளில் ஓதம் கடலையும் அலையையும்கூடக் குறிக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சென்னை வீடுகளில் 'சுவர் ஓதம் ஏறிடுச்சு' என்றால் ஈரம். ஆனாலும் பாடநூல் பழக்கம் டைட் என்ற பொருளை இதற்கு உறுதியாகக் கட்டிவிட்டது. கலைச்சொல்லுக்கு அது போதும்.

'உயர் ஓதக் கோடு' என்பது 'உயர் அலைக் கோடு' என்பதைவிட நூறு மடங்கு மேல். ஒரு குறை மட்டும் மிஞ்சுகிறது. தினமும் இருமுறை வரும் ஏற்றமும் உயர் ஓதம்தானே? அறிவிக்கை சொல்வது தினசரி ஏற்றத்தை அல்ல. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பொதுவாகத் தமிழில் 'உவா' என்று பழைய பெயர் ஒன்று உண்டு. உவா நாளில் வரும் ஓதத்தின் எல்லை என்ற பொருளில் 'உவா ஓதக் கோடு' என்றால் சட்டத்தின் இலக்கணம் பெயருக்குள்ளேயே வந்துவிடும். உவா பழகாதவர்களுக்குப் 'பேரோதக் கோடு'. சுனாமியை 'ஆழிப்பேரலை' என்று சரியாகப் பெயரிட்டவர்கள் நாம். ஆங்கிலத்தில் அதையே நெடுங்காலம் டைட் என்ற சொல்லைச் சேர்த்துத் தவறாக அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

கோடு என்றதும் கல்லில் வெட்டிய எல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சென்னைத் துறைமுகச் சுவர் வருவதற்கு முன் கடல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு மிக அருகில் இருந்தது. சுவர் வந்ததும் தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல் தடைபட்டு, தெற்கே மெரினா அகன்றது; வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிபட்டு, இன்று கல் கொட்டி நிறுத்தியிருக்கிறார்கள். கோடும் கூடவே நகர்ந்தது. அதை இப்போது வரைந்து தருவது, சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே உள்ள தேசிய நிலையான கடலோர மேலாண்மை மையம். மேலாண்மைத் திட்ட வரைபடத்தின் அளவு 1:25,000. அதில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 25 மீட்டர். பேனாக் கோட்டின் தடிமனுக்குள் ஒரு வீடு அடங்கும். எனவே மனை வாங்குகிறவர் கேட்க வேண்டியது 'அலை வருமா' என்பதை அல்ல. தன் சர்வே எண் கிராம வரைபடத்தில் பேரோதக் கோட்டுக்கு எந்தப் பக்கம், எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பதைத்தான்.

இதன் இணைச்சொல்லான 'லோ டைட் லைன்' தாழ் ஓதக் கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள பட்டையைச் சட்டம் தனி வகையாகவே எண்ணுகிறது. 'ஓதப் பட்டை' எனலாம். தாழ் ஓதக் கோட்டிலிருந்து கடலுக்குள் 12 கடல்மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரையும் இதே அறிவிக்கையின் எல்லைக்குள் வரும். பெயரில் கடற்கரை என்று இருந்தாலும் கடலும் அதில் அடக்கம்.