45 நாள் விதி: காப்பதும் கடிப்பதும்

திருப்பூரில் ஜாப் ஒர்க் (பிறருக்காகக் கூலிக்கு வேலை) செய்யும் நிட்டிங், பிரிண்டிங் யூனிட்டுகளுக்குப் பில் பணம் மூன்று மாதம், நான்கு மாதம் கழித்து வருவது வழக்கமாகிவிட்டது. இதைத் தடுக்க 2006-லேயே சட்டம் வந்தது. குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிலுள்ள தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதி 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தை (அது வங்கிகளுக்குக் கடன் தர அறிவிக்கும் வட்டி) போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக.

அந்த வட்டியைக் கேட்டுப் பார்ட்டியை, அதாவது வாங்குபவரை, இழக்க யாரும் துணியவில்லை. அதனால்தான் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு சேர்க்கப்பட்டு, 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து நடைமுறைக்கு வந்தது. கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31 அன்றும் நிலுவையில் இருந்தால், வாங்கியவர் அதை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது. பணம் தரும் ஆண்டில்தான் கழிக்கலாம். 10 லட்ச ரூபாய் பாக்கி என்றால், 30% வரி கட்டுபவருக்கு அந்த ஆண்டு 3 லட்சம் கூடுதல் வரி. ரிட்டர்ன் போடுவதற்குள் கட்டிவிடலாம் என்ற சலுகையும் இதற்குக் கிடையாது.

மார்ச் மாத பில்களில்தான் குழப்பம் அதிகம். 45 நாள் ஒப்பந்தத்தில் மார்ச் 10 அன்று வாங்கியவர் ஏற்றுக்கொண்ட சரக்குக்கு ஏப்ரல் 24 வரை நேரம் உண்டு. அதற்குள் கொடுத்தால் பழைய ஆண்டிலேயே கழிவு. 25-ஆம் தேதி கொடுத்தால் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். நாள் எண்ணுவது பில் தேதியிலிருந்து அல்ல, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். ஆகவே டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் வண்டியைத் திருப்பாதீர்கள்.

விதியின் மறுபக்கமும் கடுமையானது. சில பார்ட்டிகள், சப்ளையரின் உத்யம் பதிவை (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) ரத்து செய்யச் சொல்கிறார்கள். சிலர் இந்தப் பிரிவுக்குள் வராத நடுத்தர நிறுவனங்களுக்கு ஆர்டரை மாற்றிவிடுகிறார்கள். பதிவை ரத்து செய்வது பெரிய தவறு என்பதே எங்கள் கருத்து: புகார் கொடுக்கும் வழியை நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள். இன்னொன்று, நீங்களும் வாங்குபவர்தான். உங்களுக்கு வர வேண்டியது வராவிட்டாலும், உங்கள் சாயப்பட்டறை சிறு நிறுவனமாக இருந்தால் அதற்குத் தர வேண்டியதை நேரத்துக்குத் தந்தாக வேண்டும். இந்தச் சங்கிலியில் நடுவில் இருப்பவருக்குத்தான் முதலில் மூச்சு முட்டுகிறது. பிப்ரவரியிலேயே நிலுவைப் பட்டியல் எடுத்து, ஒவ்வொரு சப்ளையரிடமும் உத்யம் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவருடைய பதிவு வங்கியின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே.

உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பானும், ஜிஎஸ்டி கட்டாயமானவர்களுக்கு ஜிஎஸ்டி எண்ணும் போதும். சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு செய்து, எண்ணை பில்லில் அச்சிடுங்கள். பணம் வராவிட்டால் மத்திய அரசின் சிறு தொழில் அமைச்சக இணையதளத்தில் புகார் செய்யலாம். பர்சேஸ் ஆர்டரும் பில்லும் இணைக்க வேண்டும். புகார், இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் மாநில அரசின் கவுன்சிலுக்குப் போகும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம்; நடைமுறையில் இழுக்கும். ஆனால் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக வாங்கியவர் 75% தொகையை முதலில் கட்டியாக வேண்டும். பல பாக்கிகள் அந்தக் கட்டத்துக்குப் போகாமலே பேசி முடிவதற்கு இதுவே காரணம்.