சுவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கும்?

அவிநாசிப் பக்கம் எங்கள் ஓட்டு வீட்டின் நடுச்சுவரில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மேடும் பள்ளமுமாய்த் தெரியும். "சிமெண்டுல ஒரு பூச்சு போட்டுரலாமுங்க" என்றார் கொத்தனார். போட்டோம். இரண்டே வருஷத்தில் அது உப்பிக்கொண்டு, தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்டது.

சிமெண்ட் மட்டமானது என்று சொல்ல வரவில்லை. அந்தச் சுவர் மண்சாந்தில் கட்டியது, மேலே சுண்ணாம்புக் காரை. மென்மையான சுவர். தரையின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும். காரை அதை மெதுவாக வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சோ இறுகி அடைத்துக்கொள்ளும். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாகி, அதை வெளியே தள்ளும். போதாததற்குச் சிமெண்ட் காயும்போது சுருங்கும். அந்த இழுப்பைத் தாங்க மண்சாந்துக்குத் தெம்பு கிடையாது. பூச்சு ஒருபோதும் சுவரைவிட வலுவாக இருக்கக் கூடாது.

புதிய செங்கல் சுவர் என்றால் சிமெண்டே சரி. 12 முதல் 15 மி.மீ. வரை ஒரே பூச்சு. 20-ஐத் தாண்டும் பள்ளத்துக்கு இரண்டு பூச்சு, முதல் பூச்சில் கீறல் போட்டு. சுவரை முதலில் நனைக்காவிட்டால் கலவையின் தண்ணீரை அது குடித்துவிடும். சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதானே இறுகுகிறது? அப்புறம் குறைந்தது 7 நாள் நீராற்ற வேண்டும், அதாவது தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருக்க வேண்டும்.

ஜிப்சம் பூச்சின் கதையே வேறு. ஜிப்சக் கல்லைச் சுமார் 150 டிகிரிக்குச் சூடாக்கினால் அதற்குள் இருக்கும் தண்ணீரில் முக்கால் பங்கு போய்விடும். குழைக்கும்போது அந்தத் தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஊசி ஊசியாய்ப் பின்னிக்கொள்கிறது. அரை மணி நேரத்தில் இறுகும். சுருங்குவதற்குப் பதில் துளி விரியும், அதனால் விரிசல் குறைவு. நீராற்றவும் தேவையில்லை. ஆனால் தண்ணீரில் கொஞ்சம் கரையும். குளியலறையை ஒட்டிய சுவருக்கு வேண்டாம். பெயிண்டுக்கு முன் தடவும் பட்டியைக் (putty) கொண்டு பள்ளம் நிரப்புகிறவர்களும் உண்டு. அது இரண்டு மூன்று மி.மீ.க்குத்தான்.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, பாலிதீன் தாளின் நான்கு ஓரத்தையும் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாய் நீர் கோத்தால் ஈரம் சுவருடையது.

எங்கள் சுவரில் கோத்தது. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பையே மெல்லிய பூச்சுகளாய்ப் போட்டோம். அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து மெல்ல மெல்லக் கல்லாக வேண்டும், மாதக் கணக்காகும். கொத்தனார் வந்து வந்து நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுப் போகிறார்.