ஸ்டார்டர் விதி: லைனைக் காப்பாற்றும், லோடை நீங்கள்தான் பார்க்க வேண்டும்

மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது, மோட்டாரின் குதிரைத்திறனோடு ‘எந்த ஸ்டார்டர்?’ என்றும் கேட்பதுண்டு. ஸ்டார்டர் என்பது மோட்டாரைக் கிளப்பிவிடும் கருவி. மோட்டார் நம்முடையது, அதை எப்படிக் கிளப்பினால் இவர்களுக்கு என்ன என்று தோன்றலாம். நின்றிருக்கும் இண்டக்‌ஷன் மோட்டாருக்கு முழு மின்னழுத்தத்தையும் நேரடியாகக் கொடுத்தால், அது வேகம் பிடிக்கும்வரை முழுச் சுமை மின்னோட்டத்தைப் போல 5 முதல் 8 மடங்கு இழுக்கும். அதே லைனில் இருப்பவர்களுக்கு விளக்கு மங்கும். அதனால்தான் ஓர் அளவுக்கு மேற்பட்ட மோட்டார்களை நேரடியாகக் கிளப்ப மின் விநியோக நிறுவனங்கள் தடை வைக்கின்றன. அந்த அளவு இடத்துக்கு இடம் மாறும். உங்கள் இணைப்பு விதிகளில் பாருங்கள்.

விதிக்கு மின்னோட்டம் குறைந்தால் போதும். ஆனால் முறுக்குவிசை, அதாவது மோட்டார் தண்டைச் சுழற்றும் விசை, மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தம் பாதியானால் முறுக்குவிசை கால் பங்குதான். விதிப்படி ஸ்டார்டர் வாங்கி மாட்டிய பிறகு மோட்டார் உறுமிக்கொண்டு அப்படியே நிற்பது இதனால்தான்.

மலிவான வழி ஸ்டார்-டெல்டா. மோட்டாரின் சுருள்களை ஸ்டார் இணைப்பில் கிளப்பி, வேகம் பிடித்ததும் டெல்டா இணைப்புக்கு மாற்றும். ஸ்டாரில் ஒவ்வொரு சுருளுக்கும் 58% மின்னழுத்தமே கிடைக்கும். லைன் மின்னோட்டமும் முறுக்குவிசையும் நேரடியாகக் கிளப்பும்போது இருப்பதில் மூன்றில் ஒரு பங்காகும். மின்விசிறிக்கும் மையவிலக்கு பம்புக்கும் இது போதும், ஏனென்றால் அவற்றின் சுமை வேகத்தோடு சேர்ந்துதான் ஏறும். சரக்கு ஏற்றிய கன்வேயர், கல் நிறைந்த கிரஷர் இவற்றுக்கு வேண்டாம். வாங்கும் முன் நேம்பிளேட்டையும் பாருங்கள்: 400 வோல்ட் லைனில் டெல்டா 400, ஸ்டார் 690 என்று இருக்க வேண்டும். டெல்டா 230, ஸ்டார் 400 என்றிருக்கும் மோட்டாரை அங்கே டெல்டாவில் ஓட்டினால் சுருள் எரியும்.

மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில், 65% கிடைக்கும் டேப்பில் (இணைப்பு முனையில்) லைன் மின்னோட்டமும் முறுக்குவிசையும் ஏறக்குறைய 42% ஆகும். அதே 65% மின்னழுத்தத்தை, மின்னணு முறையில் மெல்ல ஏற்றும் சாஃப்ட் ஸ்டார்டர் கொடுத்தால் முறுக்குவிசை அதே 42%, லைன் மின்னோட்டமோ 65%. விற்பவர்கள் இதைச் சொல்வது அபூர்வம். ஆனாலும் சாஃப்ட் ஸ்டார்டர் குலுக்கல் இல்லாமல் வேகமேற்றும். பம்பை மெல்ல நிறுத்தி, குழாயில் தண்ணீர் அடிப்பதையும் குறைக்கும். பம்புக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

கனமான சுமைக்கு இரண்டு வழி. ஸ்லிப் ரிங் மோட்டாரில், சுழலும் பாகமான ரோட்டரோடு வளையம், பிரஷ் வழியாக வெளியிலிருந்து மின்தடை சேர்த்தால் மின்னோட்டம் குறையும், தொடக்க முறுக்குவிசை கூடும். பழைய வழி, பிரஷ் தேயும், ஆனால் வேலை செய்யும். இன்னொன்று விஎஃப்டி, அதாவது அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரை ஓட்டும் மின்னணு டிரைவ். அது மின்னழுத்தத்தோடு அதிர்வெண்ணையும் சேர்த்துக் குறைப்பதால் மோட்டாரின் காந்தப்புலம் தளராது. முழுச் சுமை மின்னோட்டத்தை ஒட்டிய அளவிலேயே முழு முறுக்குவிசையும் கிடைக்கும். ஓடும்போதும் வேகத்தையும் முறுக்குவிசையையும் கட்டுப்படுத்தலாம்.

ஸ்டார்டர் விதியை விஎஃப்டி சுலபமாக நிறைவேற்றிவிடும். அப்புறம் ஹார்மோனிக்ஸ் விதி வந்து நிற்கும். விஎஃப்டி இழுக்கும் மின்னோட்டத்தின் அலைவடிவம் கெடுவதைத்தான் ஹார்மோனிக்ஸ் என்கிறார்கள். ஒரு ஃபேஸுக்கு 16 ஆம்பியருக்கு மேல் 75 ஆம்பியர் வரையிலான சாதனங்களுக்கு ஐஇசி 61000-3-12 என்ற சர்வதேசத் தரநிலை வரம்பு வைத்திருக்கிறது. டிரைவ் வாங்கும்போதே, ஹார்மோனிக்ஸைக் குறைக்கும் சோக் (சுருள்) உள்ளே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.