ஷாம்பு போட்ட வாத்து

கோத்தகிரியில் இருக்கும் என் அக்கா மகளுக்குப் பத்து வயது. பள்ளிக் கண்காட்சிக்குத் தானே வளர்த்த வாத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று போன வருடம் ஒற்றைக் காலில் நின்றாள். அவள் கேட்டது வெள்ளை வெளேரென்ற பெக்கின் இன வாத்து. நான் வாங்கிக் கொடுத்தது காக்கி கேம்பல் என்ற இனத்தின் இரண்டு குஞ்சுகள். கூட்டமாக வாழும் பறவை அது. ஒன்றை மட்டும் வாங்கினால் ஏங்கிப்போகும்.

பெக்கின் சாதுதான். ஆனால் வளர்ந்தால் நான்கு கிலோவைத் தொடும். அதைச் சின்னப் பிள்ளை தூக்கிக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்பது கஷ்டம். திமிறினால் நழுவி விழும். அந்த உடம்புக்கு வாத்தின் கால் மெலிசு. கோழியைப்போல் காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. கேம்பல் சுமார் இரண்டு கிலோதான். ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, இன்னொரு கையால் இறக்கைகளை உடம்போடு அணைத்தால் அடங்கிவிடும். தோட்டத்துச் செம்மண்ணில் புரண்டாலும் காக்கி நிறத்தில் கறை தெரியாது.

இண்டியன் ரன்னர் என்ற வாத்தினமும் அழகுதான். பெயரில் இந்தியா இருந்தாலும் அதன் பூர்வீகம் தென்கிழக்கு ஆசியா. கால்கள் மிகவும் பின்னால் அமைந்திருப்பதால், உடம்பின் பாரம் பாதத்துக்கு நேரே இறங்க அது பாட்டில்போல நிமிர்ந்து நின்றாக வேண்டும். கூட்டத்தைக் கண்டால் மிரண்டு ஓடும் என்பதால் வேண்டாம் என்றேன். 1900 வாக்கில் இங்கிலாந்தின் அடீல் கேம்பல் அம்மையார் இந்த ரன்னரையும் வேறு சில வாத்துகளையும் கலந்து உருவாக்கியதுதான் கேம்பல். ரன்னரின் பயம் கொஞ்சம் இதற்கும் உண்டு. அந்தப் பயத்தைப் போக்குவது பிள்ளையின் கையில் இருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த முதல் நாளில் கண்ணெதிரே நகர்வதைத் தாயாக எண்ணிப் பின்தொடர்வது வாத்துக் குஞ்சின் இயல்பு. விலைக்கு வாங்கும் குஞ்சுக்கு அந்த நேரம் பெரும்பாலும் கடந்திருக்கும். அதன்பிறகு தினமும் உள்ளங்கையில் தீனி வைத்துப் பழக்குவது ஒன்றே வழி. அவள் அதை ஒரு நாளும் விடவில்லை.

தீனியில் ஒரு எச்சரிக்கை. மலையில் மழைக்காலத்து ஈரத்தில் கடலைப் பிண்ணாக்கு சீக்கிரம் பூசணம் பிடிக்கும். சில பூசணங்கள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கோழிக் குஞ்சைவிட வாத்துக் குஞ்சை அது வெகு சுலபமாகக் கொன்றுவிடும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோதுதான் இந்த நஞ்சே வெளிச்சத்துக்கு வந்தது. அப்போதும் காரணம் கடலைப் பிண்ணாக்குதான். மூட்டையாக வாங்கி வைக்காதீர்கள். வாடை மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம், வாத்து பளபளவென்று இருக்கட்டும் என்று நானே ஒன்றுக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினேன். கொஞ்ச நேரத்தில் தூறல் வந்தது. மற்ற வாத்தின் முதுகில் மழைத்துளி முத்து முத்தாக உருண்டு ஓட, குளிப்பாட்டியது மட்டும் நனைந்த துணிபோல் ஆகி நடுங்கியது.

வாத்தின் இறகை வெயிலில் பிடித்துப் பார்த்தால், நடுத் தண்டிலிருந்து இழைகள் கிளைப்பது தெரியும். ஒவ்வோர் இழையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் உண்டு. அவை குட்டிக் கொக்கிகளால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அந்த நெசவின் இடுக்கில் காற்று நிற்கிறது. தண்ணீருக்குத் துளியாகத் திரளும் குணம் இருப்பதால் அவ்வளவு சின்ன இடுக்குக்குள் அது நுழைவதில்லை. வாலடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தொட்டு வாத்து ஓயாமல் இறகைக் கோதுவது, இந்த நெசவு முறியாமலும் கலையாமலும் இருக்கத்தான். ஷாம்பு எண்ணெயை எடுத்துவிடும். இறகில் தங்கும் ஷாம்புவின் மிச்சம் தண்ணீரின் திரளும் குணத்தையும் குறைக்கும். ஈரம் உள்ளே போய்க் காற்றை வெளியேற்றிவிடும்.

ஊட்டி பக்கத்துத் தலைகுந்தாவில் புல்மேல் உறைபனி படியும் ஜனவரியிலும் வாத்து வெறுங்காலோடு நடக்குமே என்று கேட்கலாம். காலுக்கு இறங்கும் சூடான ரத்தம், மேலே திரும்பும் குளிர்ந்த ரத்தத்துக்குப் பக்கத்திலேயே ஓடித் தன் சூட்டை அதற்குக் கொடுத்துவிடுகிறது. பாதம் சில்லென்று இருக்கும். உடம்பின் சூடு வீணாகாது. அந்தச் சூட்டை மூடிக் காப்பது இறகுக்குள் இருக்கும் காற்றுதான். அதைத்தான் நான் கழுவிவிட்டேன்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பு முழுக்கப் போகும்வரை அலசி, துடைத்து, சமையலறை விளக்கடியில் வைத்தோம். அவள் இரவெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். காலையில் கண்காட்சிக்குப் போனது மற்ற வாத்துதான்.

இந்த வருடம் மூன்று நாள் முன்பே அகலமான தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி வைத்தாள். இரண்டும் முங்கி முங்கி எழுந்து, கரையேறி, மணிக்கணக்கில் தாமாகவே இறகைக் கோதிக்கொண்டிருந்தன.